யாழ்ப்பாணத்தில் இருந்து பண்டாரவளைக்கு ரயிலில்: இரவு எங்கே தங்குவது?

கேள்வி, 2025 மார்ச் 14

அண்ணை, நாங்கள் கோண்டாவில். சித்திரை விடுமுறைக்குப் பண்டாரவளையில் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். அம்மா, நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். பிள்ளைகள் ரயில்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். ஏப்ரல் 17 வியாழன் காலை இங்கே ஏறி, கொழும்பு கோட்டையில் ஒரு லொட்ஜில் படுத்து, அடுத்த நாள் விடிய பதுளை ரயிலைப் பிடிக்கலாம் என்று நினைக்கிறேன். சரிவருமா?

மார்ச் 14, இரவு

சரிவரும். ஆனால் வீண் ஓட்டம் தம்பி.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடக்குப் பாதை மாகோ, குருநாகல் தாண்டிப் பொல்காவலையில் பிரதான பாதையோடு சேர்கிறது. பதுளைக்குப் போகும் ரயிலும் கோட்டையில் வெளிக்கிட்டு அதே பொல்காவலைக்குத்தான் வரவேண்டும். பொல்காவலையில் இருந்து கோட்டை ஏறத்தாழ 74 கிலோமீற்றர். நீங்கள் அந்த 74-ஐயும் பின்னேரம் போய், அடுத்த நாள் விடிய அதே தண்டவாளத்தில் திரும்பி வரப் போகிறீர்கள். நடுவில் புறக்கோட்டைச் சந்தடியில் ஒரு இரவு. பிள்ளைகளோடும் அம்மாவோடும் இது எதற்கு?

நம் ஆட்களுக்கு எங்கே போவதென்றாலும் முதலில் கொழும்பு என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. காரணமும் உண்டு. 1990 ஜூனில் நின்ற ரயில் 2014 அக்டோபர் 13-இல்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. 24 வருடம். அந்த இடைவெளியில் வளர்ந்தவர்களுக்கு பஸ் தெரியும், வான் தெரியும், நடு ஸ்ரேசனில் இறங்கி மற்ற ரயில் மாறும் பழக்கம் கிடையாது. எங்கள் அப்பாமார் மதவாச்சி, மாகோ, பொல்காவலை என்று சந்திப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லுவார்கள்.

மார்ச் 15, காலை

கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: "யாழ்ப்பாணத்தில் இருந்து கண்டிக்கு நேர் பஸ் இருக்கிறதே, ஏ9 வீதியே கண்டியில்தானே தொடங்குகிறது, எதற்கு இந்தச் சுற்று?"

நியாயமான கேள்வி. தனி ஆள் என்றால் நானும் பஸ்தான் சொல்லுவேன். வவுனியா, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, முடிந்தது கதை. ஆனால் முழங்கால் வருத்தக்காரரை அவ்வளவு நேரம் காலை மடக்கி இருத்தி வைக்க முடியாது. பஸ் நிற்கும் சாப்பாட்டுக் கடைகளின் கழிப்பறைகளைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் நாறும். ரயிலில் அம்மா எழும்பி நாலடி நடப்பார், காலை நீட்டுவார், முன்சீற்றில் இருக்கும் முன்பின் தெரியாத மனுசியோடு பேரப்பிள்ளைகளின் கதை முழுவதும் கதைப்பார். கேள்வியிலேயே முழங்கால் என்று எழுதியிருக்கிறார், அதை முதலில் வாசியுங்கள்.

மார்ச் 15, பின்னேரம்

சரி, இரவுக்கு எங்கே தங்குவது. ஒரே நாளில் யாழ்ப்பாணம் பண்டாரவளை முடியாதா என்று கேட்காதீர்கள். காலை ரயிலில் போனால் குருநாகல் பகுதிக்கே பின்னேரம் ஆகிவிடும். அதற்குப் பிறகு மலைக்கு ஏறும் ரயில் இராத்தபால் என்கிற இரவு ரயில்தான். ஜன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்க்கவா பிள்ளைகள் அடம்பிடித்தார்கள்?

என் முதல் யோசனை கண்டி. குருநாகலில் இறங்கினால் கண்டிக்கு பஸ் அடிக்கடி உண்டு, ஏ10 வீதி, 40 கிலோமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். முழங்காலுக்கு அவ்வளவு தூரம் பரவாயில்லை. அல்லது பொல்காவலையில் இறங்கிக் கண்டி ரயில் பிடிக்கலாம். இரவு கண்டியில் படுத்து, காலையில் பொடி மெனிக்கே. அது 5.55-க்குக் கோட்டையில் வெளிக்கிட்டு, கண்டிக்குள் வந்து, ஒன்பது மணிக்கு முன்பாகப் பதுளைப் பக்கம் புறப்படும் ரயில்.

இங்கே ஒரு சின்ன விசயம். கண்டி ஸ்ரேசன் பிரதான பாதையில் இல்லை, பேராதனைச் சந்தியில் இருந்து பிரியும் கிளையில் இருக்கிறது. ஆகவே பொடி மெனிக்கே கண்டிக்குள் போய் எஞ்சினை மற்றப் பக்கம் மாட்டிக்கொண்டு வெளியே வரும். கொழும்பில் இருந்து முன்பக்கம் பார்த்து வந்தவர்கள் கண்டியில் இருந்து பின்பக்கம் பார்த்துப் போவார்கள். பதுளைக்கே போகும் இன்னொரு ரயிலான உடரட்ட மெனிக்கே கண்டிக்குள் வராமல் பேராதனைச் சந்தியோடு போய்விடும். கண்டியில் படுத்துவிட்டு அதற்குச் சீற் எடுத்தால் ஓட்டோவில் பேராதனைக்கு ஓடவேண்டும். ரிக்கெற் எடுக்கும்போது ரயிலின் பெயரைப் பாருங்கள், நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

மார்ச் 17

ரிக்கெற்.

முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும். ஏப்ரல் 18-ஆம் திகதிக்குரிய மலைநாட்டுச் சீற்றுக்கு நீங்கள் மார்ச் 19-ஆம் திகதியே முயல வேண்டும். யாழ்ப்பாணம் குருநாகல் சீற்றைப் பற்றி இவ்வளவு பதற்றம் வேண்டாம் (புதுவருடம் முடிந்து கொழும்புக்குத் திரும்பும் கூட்டம் இருக்கும், ஆகவே கடைசி நாள் வரை விடவும் வேண்டாம்). பண்டாரவளைக்கு அங்கால் இருக்கும் எல்ல என்ற ஊர்ப் பக்கம் போகும் சீற்தான் பிரச்சினை. வெளிநாட்டுக்காரர் எல்லோருக்கும் அந்த ரயில் வேண்டும். அந்த ரிக்கெற்றுகளை மொத்தமாகப் பிடித்துக் கறுப்பில் விற்றார்கள் என்று இந்த வருடத் தொடக்கத்தில் கைதுகள்கூட நடந்தன. ஒன்லைனில் வாங்கினாலும், கவுண்டரில் வாங்கினாலும் எல்லோருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் கையில் வைத்திருங்கள். வழியில் எவனாவது "அண்ணை, ரிக்கெற் இருக்கு" என்றால் கேளாதது போல நடவுங்கள்.

மனைவி ஆசிரியை என்று உள்பெட்டியில் எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் வொறன்ற் (அரசாங்க ஊழியருக்குக் கொடுக்கும் இலவச ரயில் பயணச் சீட்டு) இருக்குமே! அரசாங்க ஊழியர் வீட்டு அலுமாரிகளில் பாவிக்காமல் காலாவதியாகும் வொறன்ற்களைக் கூட்டினால் ஒரு தனி ரயிலே விடலாம். ஒன்று மட்டும் கவனம். வொறன்றில் எந்த ஸ்ரேசனில் இருந்து எந்த ஸ்ரேசன், எந்த வழி என்று எழுதும் இடத்தில் பொல்காவலை வழி என்று தெளிவாக எழுதுவியுங்கள். அலுவலகத்தில் எழுதுபவர் பழக்கதோசத்தில் கொழும்பு என்று போட்டுவிடுவார். பிறகு கவுண்டரில் நின்று விளக்கம் சொல்ல வேண்டும், பின்னால் வரிசை முறைக்கும்.

மார்ச் 19

ஐந்து கேட்டு மூன்று கிடைத்ததாம். கண்டியில் இருந்து பண்டாரவளை, இரண்டாம் வகுப்பு. நல்ல பலன், முகத்தைத் தொங்கப்போடாதீர்கள். அம்மா ஒன்று, பிள்ளைகள் இரண்டு. நீங்களும் மனைவியும் பதிவில்லாத ரிக்கெற் எடுத்துக் கதவடியில் நில்லுங்கள். ஹட்டன் தாண்டிய பிறகு கதவடிதான் நல்ல சீற்.

வலப்பக்கமா இடப்பக்கமா வடிவு என்று இரண்டு பேர் கேட்டுச் சண்டையும் பிடித்துவிட்டார்கள். பாதை வளைந்து வளைந்து போகிறது, காட்சி இரண்டு பக்கமும் மாறி மாறி வரும். கண்டியில் திசையும் திரும்பும். இதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்க நான் தயாரில்லை.

மார்ச் 23

மாறும் இடத்தைப் பற்றி இன்னும் எழுதவேண்டும், ஏனென்றால் "பொல்காவலையில் முக்கால் மணித்தியாலம் இருக்கிறது, அன்றைக்கே மாறலாம்" என்று ஒருவர் நேர அட்டவணையைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்.

அட்டவணை சொல்லும் முக்கால் மணித்தியாலம் காகிதத்தில் இருப்பது. எங்கள் பாதை நீளமானது, பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட ஏதோ ஒரு சின்ன ஸ்ரேசனில் நிறுத்தினால் அந்த முக்கால் மணித்தியாலம் அங்கேயே கரையும். என் கணக்கு இதுதான்: பிடிக்க வேண்டிய ரயில் அன்றைய கடைசி ரயிலாக இருந்தால் அதை நம்பித் திட்டம் போடாதே. தவறினால் அடுத்தது ஒன்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்க ஒரு இடம் இருக்க வேண்டும். உங்களுக்கு முக்கியமான ரயில் மலை ரயில். அதற்கு முந்திய இரவு அதன் பாதைக்குப் பக்கத்தில் படுத்திருந்தால் வடக்கு ரயில் இரண்டு மணித்தியாலம் பிந்தினாலும் உங்களுக்குக் குறைவது தேநீர் குடிக்கும் நேரம் மட்டும்தான்.

பொல்காவலை மேடையைத் தெரியாதவர்களுக்கு: மேம்பாலப் படிகள் ஏறி இறங்க வேண்டும். சாமான் கூட இருந்தால் மூச்சு வாங்கும். ஒருமுறை நான் கண்டி ரயிலுக்கு நிற்கிறேன், ஒலிபெருக்கி சிங்களத்தில் கடகடவென்று ஏதோ சொல்லிற்று, மேடையில் நின்ற கூட்டம் முழுவதும் திடீரென்று படியை நோக்கிப் போகிறது. எனக்கு "கண்டி" என்ற ஒரு சொல் மட்டும்தான் பிடிபட்டது. பக்கத்தில் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்ற கடலைக்காரர், தொப்பி போட்ட வயசாளி, என்னை ஒருதரம் பார்த்தார். "தம்பி, கண்டிக்கா? மேடை மாத்திட்டாங்க, அந்தப் பக்கம். ஓடாதீங்க, அவன் நிப்பான்." சொல்லிவிட்டு அவரே என் பையின் ஒரு கைபிடியைப் பிடித்து முதல் நாலு படி ஏற்றிவிட்டார். கடலை வாங்கக் காசு எடுப்பதற்குள் மற்றப் பக்கம் "கடலே, கடலே" என்று போய்விட்டார்.

ஆகவே மேடையில் காதைக் கொடுத்து நிற்காதீர்கள், கண்ணைக் கொடுத்து நில்லுங்கள். கூட்டம் அசைந்தால் உடனே யாரையாவது கேளுங்கள். அந்தப் பக்கத்துக் கடைக்காரர், ஓட்டோக்காரர் பலருக்குத் தமிழ் வரும்.

ஏப்ரல் 3

திட்டத்தை மாற்ற வேண்டும். கண்டி வேண்டாம்.

கண்டித் தலதா மாளிகையில் புத்தரின் புனித தந்தத்தை (பல்லை) மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள், ஏப்ரல் 18 முதல் 27 வரை. இதற்கு முன் வைத்தது 2009-இல். 16 வருடம் காத்திருந்த சனம் நாடு முழுவதும் இருந்து வரப்போகிறது. தொடங்கும் நாள் உங்கள் மலை ரயில் நாள், அதுவும் பெரிய வெள்ளி விடுமுறை. 17-ஆம் திகதி இரவு கண்டியில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலையைக் கேட்டால் அம்மாவுக்கு முழங்காலோடு நெஞ்சும் வலிக்கும். வீதி மூடுவார்கள், ஓட்டோ ஸ்ரேசனடிக்கு வராது.

குருநாகலில் படுங்கள்.

அழகு பார்க்கப் போகிற ஊர் இல்லை. எத்தாகல மலை நகரத்துக்கு மேல் நிற்கிறது, ஒரு குளம் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, விடிய ஐந்தரைக்கு ஒரு ஓட்டோ. மூன்றும் அங்கே சுலபம். இரவுத் தங்கலை நல்ல ஊரில் வைக்கவேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். பிறகு அந்த ஊரைப் பார்க்க அலைந்து, பிந்திப் படுத்து, அடுத்த நாள் ரயிலில் அப்புத்தளை வரும்போது வாயைத் திறந்துகொண்டு நித்திரை. தங்கும் ஊர் சலிப்பாக இருப்பதே நல்லது. எட்டரைக்குப் படுத்துவிடலாம்.

இனி மாற்றம்: 18-ஆம் திகதி விடிய குருநாகலில் இருந்து பொல்காவலைக்கு ஓட்டோ அல்லது பஸ், 20 கிலோமீற்றர் அளவில். பொடி மெனிக்கே ஏழு மணி தாண்டி அங்கே வரும். உங்கள் பதிவு கண்டியில் இருந்துதான். ஆகவே பொல்காவலை கண்டிக்கு ஐந்து பேருக்கும் சாதாரண ரிக்கெற் எடுங்கள். அந்தத் துண்டு நெரிசலாக இருக்கும், வெள்ளை உடுத்தித் தலதாவுக்குப் போகும் சனம். அம்மாவுக்கு யாராவது எழும்பி இடம் கொடுப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கண்டியில் அந்தக் கூட்டம் முழுவதும் இறங்கும். எஞ்சின் மாற்றும் நேரத்தில் ஆறுதலாகப் பதிவுப் பெட்டிக்குப் போய் இருங்கள்.

ஏப்ரல் 4

லொட்ஜின் பெயர் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். தரமாட்டேன், நான் நன்றாக இருந்தது என்று சொன்ன இடம் நீங்கள் போகும்போது கை மாறியிருக்கும்.

கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். கீழ்த்தளத்தில் அறை உண்டா. கழிப்பறை கொமட்டா, குந்தும் வகையா (முழங்கால்!). விடிய ஐந்துக்கு வாசல் திறப்பார்களா, இதைப் பலர் கேட்பதில்லை. காவலாளி சாவியோடு நித்திரையாகி, நாங்கள் குடும்பமாகக் கேற்றைத் தட்டிக்கொண்டு நின்ற அனுபவம் உண்டு, எந்த ஊர் என்று சொல்லவில்லை. முற்பணம் அனுப்பினால் பற்றுச்சீட்டைப் படமாக அனுப்பச் சொல்லுங்கள். வெளிக்கிடும் அன்று காலையில் ஒருக்கா போன் எடுத்து "பின்னேரம் வருகிறோம், பிந்தலாம்" என்று சொல்லுங்கள். பிந்தலாம் என்ற சொல் முக்கியம், இல்லாவிட்டால் ஆறு மணிக்கு அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு உங்களுக்குக் கதை சொல்லுவார்கள்.

ஏப்ரல் 6

சந்திகளைப் பற்றி எழுதியதால் ஒரு ஐயா தலைமன்னாரை இழுத்துவிட்டார். இழுக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைதானே.

மதவாச்சியில் பிரிந்து தலைமன்னார், அங்கே கப்பல், அக்கரையில் தனுஷ்கோடி, அப்படியே சென்னை. 1914-இல் தொடங்கிய வழி. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது, எண்பதுகளில் போர் வந்து அதையும் நிறுத்தியது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிதம்பரம் போன கதையில் மதவாச்சி மேடையில் நடுச்சாமத்தில் ரயில் மாறிய கட்டம்தான் நீளமாக வரும். சுவாமி தரிசனம் இரண்டு வசனத்தில் முடிந்துவிடும்.

தலைமன்னார்ப் பாதை 2015 மார்ச்சில் திரும்பத் திறந்தது. கப்பல் வரவில்லை. இப்போது அக்கரை போவதென்றால் காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினத்துக்குத்தான், 2024 ஆகஸ்டில் திரும்பத் தொடங்கினார்கள். கடல் மோசமான மாதங்களில் ஓடாது. நாகப்பட்டினத்தில் இறங்கினால் திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி என்று ரயிலிலேயே போகலாம். அதற்கு வேறு ஒரு நாள் எழுதுகிறேன்.

ஏப்ரல் 9

மட்டக்களப்புக்கும் இதே முறை பொருந்துமா என்கிறார் ஒருவர். காகிதத்தில் பொருந்தும்: மாகோவில் மாற வேண்டும். ஆனால் நீங்கள் தெற்கே மாகோ வரை இறங்கி, திரும்ப வடகிழக்கே கல்லோயா வழியாக ஏறப் போகிறீர்கள். மாகோவில் படுத்தால் அடுத்த நாள் பகல் ரயில், படுக்காவிட்டால் இரவு ரயிலுக்கு நீண்ட காத்திருப்பு. கல்லோயாவுக்கு அங்கால் யானைக்காடு, அங்கே இரவில் வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும். இந்தப் பெப்ரவரியில்தான் மின்னேரியாப் பக்கம் ரயில் மோதி ஆறு யானை செத்தது, பாவம். மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போங்கள். ரயில் பைத்தியமான நானே சொல்கிறேன்.

ஏப்ரல் 15

புதுவருடச் சாப்பாடு செமித்ததா? நாளை மறுநாள் பயணம். கடைசிக் குறிப்புகள்.

முதல் நாளுக்கு வீட்டுச் சாப்பாடு: புட்டும் முட்டைப் பொரியலும் வாழையிலையில். சம்பலில் தேங்காய்ப்பூ இருந்தால் மத்தியானத்துக்குள் முடியுங்கள், ஏப்ரல் வெயிலில் பெட்டி கொதிக்கும். கறி வேண்டாம், யாராவது ஒருவரின் மடியில் கட்டாயம் ஊற்றும். இரண்டாம் நாள் பாணும் வாழைப்பழமும் போதும். ரயிலுக்குள் வடை, கடலை, மாங்காய் வந்துகொண்டே இருக்கும், பிள்ளைகள் அதைத்தான் சாப்பிடுவார்கள்.

சுவெற்றர். யாழ்ப்பாணத்தில் இந்த வெக்கையில் சுவெற்றர் என்றால் சிரிப்பார்கள். நானுஓயா தாண்டிப் பட்டிப்பொல வரும், நாட்டிலேயே உயரத்தில் உள்ள ஸ்ரேசன், மத்தியானத்திலும் பனிமூட்டம் ஜன்னலால் உள்ளே வரும். பாக்கின் அடியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.

அம்மாவை ஏற்றி இறக்கும்போது: மலைநாட்டுச் சில ஸ்ரேசன்களில் மேடை தாழ்வு, பெட்டிப் படி உயரம். நீங்கள் முதலில் இறங்கி நின்று கை கொடுங்கள். பண்டாரவளைக்கு முந்திய ஸ்ரேசனிலேயே சாமானைக் கதவடிக்குக் கொண்டு வாருங்கள்.

வெளிக்கிடும் முன் ஸ்ரேசனுக்கு ஒரு போன். இங்கே நான் எழுதிய நேரங்கள் எதையும் ஸ்ரேசன் மாஸ்டரிடம் காட்டி வாதாட வேண்டாம்.

ஏப்ரல் 21

கோண்டாவில் தம்பி எழுதியிருக்கிறார். போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முதல் நாள் ரயில் பிந்தியிருக்கிறது, குருநாகலில் மம்மலுக்குள் இறங்கியிருக்கிறார்கள், அறை இருந்தது, எட்டரைக்கு எல்லோரும் படுத்தாயிற்று. காலையில் பொல்காவலையில் கால் வைக்க இடமில்லையாம். ஆனால் வெள்ளைச் சட்டைப் பெடியன் ஒருவன் அம்மாவைக் கண்டதும் எழும்பி இடம் கொடுத்திருக்கிறான். கண்டியில் பெட்டி அப்படியே காலியானதாம். சின்னவன் தெமோதரை வளைவைப் பார்க்க வேண்டும் என்று பண்டாரவளையில் இறங்க மறுத்து அழுதிருக்கிறான். அதற்கென்ன, அங்கிருந்து பதுளைக்கு ஒரு பகல் போய் வாருங்கள். ரயில் ஸ்ரேசனைத் தாண்டிச் சுற்றி இறங்கி அதே ஸ்ரேசனுக்குக் கீழே சுரங்கத்தால் போகும். ஒன்பது வளைவுப் பாலமும் அந்தத் துண்டில்தான்.

இப்போது கேள்வி, திரும்பி வருவது. 24-ஆம் திகதி வெளிக்கிட வேண்டுமாம். "வந்த வழியே குருநாகலில் படுக்கவா?"

இல்லை. திரும்பும்போது கொழும்புக்குப் போங்கள்.

சிரிக்காதீர்கள், ஒரு மாதத்துக்கு முன் கொழும்பு வீண் ஓட்டம் என்று எழுதியவன் நான்தான். போகும்போது வீண். வரும்போது கணக்கு வேறு. மலையை ஒருமுறை பகலில் பார்த்தாயிற்று, இனி இராத்தபாலில் நித்திரை கொண்டு வரலாம். அது பின்னேரம் பதுளையில் வெளிக்கிட்டு விடிய முன் கோட்டைக்கு வரும். பொல்காவலைக்கு வருவது அதற்கும் முந்திய சாமத்தில். அங்கே இறங்கினால் யாழ்ப்பாணம் போகும் யாழ்தேவி ரயில் வரும் வரை வாங்கில் குந்தி நுளம்பு அடிக்க வேண்டும். பெட்டியிலேயே படுத்திருந்தால் அந்த நேரத்தில் கோட்டைக்கே போய்விடலாம். முகம் கழுவி, ஒரு பிளேன்ரி குடித்து, காலை வடக்கு ரயிலில் வெளிக்கிடும் இடத்திலேயே ஏறலாம். பெட்டி நிரம்ப முன் சாமான் வைக்க இடம் கிடைக்கும். லொட்ஜ் காசும் மிச்சம். கோட்டைக்கு வரும் இராத்தபாலுக்கும் காலை ரயிலுக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் அளவு இருக்கிறது, அது தவறினாலும் பகலில் வடக்குக்கு வேறு ரயில் உண்டு. என் மார்ச் 23 கணக்கும் உடையவில்லை.

அம்மாவுக்கு இரவு முழுவதும் இருந்து வருவது கடினம் என்றால் மட்டும் படுக்கைப் பெட்டி கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பகல் ரயிலில் பொல்காவலை வந்து குருநாகலில் படுக்கலாம், அதே லொட்ஜ்.

ஏப்ரல் 22

"இரவில் ரயிலில் களவு போகும்" என்று பயமுறுத்துகிறவருக்கு: பையை வாங்குக்குக் கீழே வைத்துக் கைபிடிக்குள் காலை விட்டுக்கொண்டு படுங்கள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு நித்திரை கொள்ளாதீர்கள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 27

வீடு வந்து சேர்ந்துவிட்டார்களாம். அம்மா இராத்தபாலில் நன்றாக நித்திரை, மகன்தான் விடிய விடிய முழிப்பு. அம்மாவின் ஒரே முறைப்பாடு கோட்டை ஸ்ரேசன் தேநீர். சீனி கூட.

2025 டிசம்பர் 9

இந்த இழையைத் தேடி வந்து யாரும் இப்போது வெளிக்கிட வேண்டாம். போன மாத முடிவில் வந்த டித்வா புயல் மழையில் மலைநாட்டுப் பாதை பல இடங்களில் மண் சரிந்து, தண்டவாளத்துக்குக் கீழே நிலமே இல்லாமல் தொங்குகிறது. ரம்புக்கனைக்கு அப்பால் ரயில் இல்லை. ஒரு கிழமையில் சரிக்கட்டும் வேலை இல்லை இது. ரயில் இல்லையே, வான் பிடித்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கும் அதே பதில்: வீதிகளும் சரிந்திருக்கின்றன, வீடிழந்த சனம் பாடசாலைகளில் இருக்கிறது. சுற்றுலாவுக்கு இது நேரமில்லை.

பண்டாரவளை அக்கா வீட்டார் சுகமாக இருக்கிறார்கள் என்று தம்பி அறிவித்திருக்கிறார். பொங்கலுக்கு அவர்கள் இங்கே வர யோசிக்கிறார்களாம், எந்த வழி என்று கேட்கிறார். அண்ணளவாகக்கூட இப்போது சொல்ல மாட்டேன். ஜனவரி முதல் கிழமையில் பதுளை பஸ் நிலையத்திலேயே கேட்டு, வீதி திறந்திருக்கிறதா என்று பார்த்து, பகலில் மட்டும் ஓடும் பஸ்ஸாக எடுக்கச் சொல்லுங்கள். குருநாகல் வரை வந்துவிட்டால், வடக்குப் பாதை ஓடுகிறதா என்று அங்கே ஸ்ரேசனில் கேட்டுவிட்டு ரயில் ஏறலாம். இரவானால் தங்க அந்த லொட்ஜின் இலக்கம் தம்பியிடம் இருக்கிறது, விடிய ஐந்துக்குக் கேற் திறப்பார்களாம்.